பண்ணையமும் பல்கலைக்கழகமும்

நாவல்களுக்கு மதிப்புரை எழுதிப் பழகியவன் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மதிப்புரை எழுதப் புகுந்தால், வேலையற்றவன் வேலை என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் அவ்வளவு தூரமில்லை. நாவலுக்கு ஒரு தொடக்கமும் அத்தியாயப் பிரிவும் உண்டு; ஸ்தாபனத்துக்கும் உண்டு. நாவலில் பாத்திரங்கள் வருகிறார்கள், போகிறார்கள், ஸ்தாபனத்திலும் அப்படித்தான். ஒரு நாவலைப் படித்து முடித்ததும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. எடுத்துக்கொண்ட விஷயம் என்ன? அந்த விஷயம் முழுமையாக உட்கார இந்தக் கட்டுக்கோப்பில் இடம் இருக்கிறதா? இதே கேள்விகளைக் கோயமுத்தூர் லாலி ரோட்டில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றுவதற்குக் காரணமாக இருந்தது ஒரு சிறு சம்பவம்.

காங்கயத்துக்குத் தெற்கே என் மாமா ஒருவருக்குப் பத்து ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. கொறங்காடு என்றால் மற்றச் சீமையார்களுக்குப் புரியாது. மழையை மட்டும் நம்பியிருக்கும் மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், புல்லுக்கு நடுவே ஆங்காங்கே வெள்வேல மரம். காங்கயம் மாடுகளைக் காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. மாடு புல்லை மேயும். வெயில் ஏறினால் வெள்வேல நிழலில் படுக்கும். உதிர்ந்த காயைத் தின்னும். சாணத்தோடு விதை மண்ணில் விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கும். புல், மரம், வேலி, மாடு, மண் என்று ஐந்தாக நாம் எண்ணிக்கொண்டாலும் அங்கே இருப்பது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது மாமாவின் மகள் வயிற்றுப் பேரனும் விடுமுறைக்கு வந்திருந்தான். வேளாண்மையில் பட்ட மேற்படிப்பு முடித்து, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டியதில்லை. நல்ல பையன், அடக்கமானவன். மாலையில் மூவரும் படலோரம் நின்றிருந்தோம்.

"ஏங் கண்ணு, கொழுக்கட்டைப்புல்லு வருசா வருசம் கொறஞ்சுக்கிட்டே வருதே, என்ன காரணம்?" என்று மாமா கேட்டார்.

"நான் நெல்லுல மரபியல் பண்றனுங்க அப்புச்சி. புல்லு வேற துறைங்க."

"செரி, இந்த மாடு ஏன் இப்பிடி எளைச்சுக் கெடக்குது?"

"அது கால்நடைங்க. அதுக்கு மெட்ராசுல தனிப் பல்கலைக்கழகமே இருக்குதுங்க."

"இந்த வெள்வேலாமரம் ரண்டு பட்டுப்போச்சே?"

"மரமுன்னா மேட்டுப்பாளையத்துல கேக்கோணுமுங்க."

மாமா சிரிக்கவில்லை. "அப்ப இந்தப் பத்து ஏக்கராவுக்கு வைத்தியம் பாக்கோணுமுன்னா நான் மூணு ஊருக்குப் போவோணுமாக்கும்!" என்றார். பையனின் முகம் சிறுத்துவிட்டது. அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

எங்கள் கொங்கு நாட்டில் விவசாயம் என்றோ வேளாண்மை என்றோ வீட்டுப் பேச்சில் சொல்லுகிற வழக்கம் குறைவு. 'பண்ணையம்' என்பார்கள். "மகன் என்ன பண்றான்?" என்றால், "பண்ணையம் பாக்கறான்" என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் நிலம், கிணறு, மாடு, எரு, விதை, வேலி, வேலை செய்யும் ஆள், கடன், சந்தை எல்லாம் அடங்கிவிடும். பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்ட விஷயம் எது என்ற என் முதல் கேள்விக்கு விடை இந்தச் சொல்தான். அதன் விஷயம் பண்ணையம். இனி அதன் கட்டுக்கோப்பைப் பார்க்கலாம்.

கதையின் முதல் அத்தியாயம் கோயமுத்தூரில் இல்லை. சென்னைச் சைதாப்பேட்டையில் இருக்கிறது. 1868-ல் அங்கே ஒரு விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டது. சீமையிலிருந்து கருவிகளைத் தருவித்து, சீமை முறையில் சாகுபடி செய்து காட்டினால் நம் குடியானவன் பார்த்துக் கற்றுக்கொள்வான் என்பது அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகளின் நம்பிக்கை. குடியானவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த நம்பிக்கையின் மறுபக்கம். அந்த மறுபக்கத்தை உடைத்தவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். 1889-ல் இந்திய விவசாயத்தைப் பார்வையிட அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ரசாயன அறிஞர், 1893-ல் வெளியான தம் அறிக்கையில், இந்தியக் குடியானவன் இங்கிலாந்து விவசாயிக்குச் சளைத்தவன் அல்லன், சில விஷயங்களில் மேலானவனும்கூட என்று எழுதினார். அவனிடம் இல்லாதவை தண்ணீரும் எருவும் போன்ற வசதிகளே என்பது அவர் கண்ட முடிவு. ஒரு ஸ்தாபனம் தன் பூஜை அறையில் மாட்டி வைத்துக்கொள்ள வேண்டிய வாசகம் அது.

1906-ல் கல்வி கோயமுத்தூருக்கு இடம் மாறியது. அந்த ஆண்டு முதல் 1911 வரை கவர்னராக இருந்த ஸர் ஆர்தர் லாலியின் பெயர்தான் இன்றும் அந்தச் சாலைக்கு இருக்கிறது. இடத் தேர்வைக் குறை சொல்ல முடியாது. நன்செய், தோட்டக்கால், மானாவாரிக் காடு மூன்றும் இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கரிசலும் செம்மண்ணும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. 1920-ல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1958-ல் எம்.எஸ்ஸி., டாக்டர் பட்டங்களுக்கான பட்ட மேற்படிப்பு மையமாக அங்கீகாரம் பெற்றது. 1965-ல் மதுரையில் இன்னொரு கல்லூரி தோன்றியது. இந்த இரண்டையும் கருவாகக் கொண்டு 1971 ஜூன் முதல் தேதி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

பல்கலைக்கழகம் என்று பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே நடந்த வேலைதான் இந்தக் கதையின் சிறந்த அத்தியாயம். 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இன விருத்தி நிலையம் ஏற்பட்டது. பார்பரும் வெங்கட்ராமனும் அங்கே செய்த காரியம் எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படக்கூடிய கற்பனை. தடித்து இனிக்கும் ஆலைக்கரும்பையும், ஆற்றோரத்தில் யாரும் சீந்தாமல் கிடக்கும் நாணலையும் சேர்த்து அவர்கள் ஒட்டுக் கட்டினார்கள். இனிப்புக்கு ஒரு பெற்றோர். வறட்சியையும் குளிரையும் தாங்கும் உரத்துக்கு ஒரு பெற்றோர். அப்படிப் பிறந்த கோ 205 என்ற கரும்பு 1918-ல் வெளிவந்து வடநாட்டு வயல்களுக்குப் போயிற்று. 'கோ' என்பது கோயமுத்தூரின் முதலெழுத்து. எங்கள் ஊரின் பெயரைப் பஞ்சாபுக் குடியானவன் வாயில் புழங்க வைத்தது எந்த மில்லும் அல்ல, அந்தக் கரும்பு. அந்த நிலையத்தில் 1930-களில் ஆராய்ச்சி செய்த ஜானகி அம்மாளின் பெயரையும் இங்கே நினைவுகூர வேண்டும். பெண்கள் ஆராய்ச்சிக்கூடத்தை எட்டிப் பார்ப்பதே அரிதாக இருந்த காலம் அது.

நெல்லிலும் இப்படித்தான். 1912-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1921-ல் ஜி.இ.பி. 24 என்ற சன்ன ரகம் வந்தது. 'கவர்ன்மெண்ட் எக்கனாமிக் பொட்டானிஸ்ட்' என்ற உத்தியோகப் பெயரின் மூன்று எழுத்துக்கள்தாம் அந்த ஜி.இ.பி. அதன் வாரிசு டி.கே.எம். 6. அந்த வாரிசைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு பிலிப்பைன்ஸில் உருவான ஐ.ஆர். 20 திரும்பவும் நம் வயலுக்கே வந்து, பல ஆண்டுகள் நம் சோற்றுத் தட்டில் விழுந்தது. பேரன் வெளிநாட்டில் பிறந்து பாட்டன் வீட்டுக்குத் திரும்பி வந்த கதை. பின்னால் பசுமைப் புரட்சிக்குப் பெயர் பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் இந்தக் கல்லூரி மாணவர். அந்தப் புரட்சிக்கு 1964 முதல் 1967 வரை மத்திய உணவு மந்திரியாக இருந்து வழி திறந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்.

இவ்வளவும் எப்படி நடந்தது? ஒருவர் ஒரே பயிரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆண்டுக் கணக்கில் அதோடு மல்லுக்கு நின்றதால் நடந்தது. தனித்துறைப் படிப்பு என்பதே கூடாது என்று சொல்லுகிறவன் கரும்பைச் சுவைக்க அருகதையற்றவன். இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டே என் குறையைச் சொல்ல விரும்புகிறேன்.

1971-ல் ஏற்பட்ட அமைப்புக்கு முன்மாதிரி அமெரிக்காவில் இருந்தது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, மாநிலங்களுக்கு அரசாங்க நிலம் கொடுத்து, அதன் வருமானத்தில் விவசாயத்தையும் தொழிலையும் கற்பிக்கும் கல்லூரிகளை ஏற்படுத்தினார்கள். நாளடைவில் அந்தக் கல்லூரிகள் மூன்று காரியங்களை ஒரே கூரையின் கீழ் நடத்தின. கற்பிப்பது ஒன்று, ஆராய்வது இரண்டு, ஆராய்ந்து கண்டதைக் குடியானவன் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மூன்று. இந்தியாவில் இந்த முறையில் முதலில் எழுந்தது 1960-ல் பந்த்நகர். கோயமுத்தூருக்கு அது வந்து சேரப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

வந்து சேர்ந்தபோது மூன்றாவது கால் முழுதாக வரவில்லை. அமெரிக்காவில் கிராமத்துக்குப் போகும் விரிவாக்க ஊழியர் பல்கலைக்கழகத்தின் ஆள். இங்கே அவர் அரசாங்க வேளாண்மைத் துறையின் ஆள். பல்கலைக்கழகத்தில் விரிவாக்கக் கல்விக்கு இயக்ககம் உண்டு. பல மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களும் உண்டு. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் புதுச்சேரியில் தொடங்கிற்று என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. இருந்தாலும் கிராமத்துக்குக் கிராமம் போகும் படை துறையிடம், கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்திடம். அண்ணனும் தம்பியும் தனித்தனி உலை வைத்து ஒரே முற்றத்தில் குடியிருப்பது போல ஓர் ஏற்பாடு.

அடுத்து மாட்டின் கதை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1903-ல் அதே சைதாப்பேட்டையில் பிறந்ததுதான். ஒரே ஊரில் பிறந்து தனித்தனியே வளர்ந்த இரண்டும் 1976-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாயின. 1989-ல் கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டு மறுபடி பிரிந்தன. கூட்டுக் குடும்பம் பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. அப்போது கால்நடையோடு போன மீன்வளக் கல்வி, 2012-ல் நாகப்பட்டினத்தில் தனிக் குடித்தனம் வைத்தது. மேட்டுப்பாளையத்து வனக் கல்லூரி இன்னும் தாய் வீட்டில்தான் இருக்கிறது.

இங்கே எனக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நினைவுக்கு வருகிறது. 1942-ல் வெளிவந்த அந்தச் சிறு நாவலின் விஷயம் பாகப்பிரிவினை. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேட்கத் தூண்டுகிறவர்களின் மனத்தில்தான் நியாயமில்லை. முடிவில் ஒரு கொலை விழுகிறது. பங்கு கேட்பது குற்றம் என்று சண்முகசுந்தரம் எங்கும் சொல்லவில்லை. பிரிக்கிறபோது நடுவில் நின்று கிணற்றையும் வண்டித் தடத்தையும் பொதுவாக வைக்கச் சொல்ல ஆள் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதைத்தான் காட்டினார் என்று நான் வாசிக்கிறேன். எங்கள் பக்கத்தில் நிலத்தைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க மாட்டார்கள். முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். கல்வியைப் பங்கு போட்டவர்கள் அந்தப் பொதுக் கிணற்றை எங்கே வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. மாமாவின் கொறங்காடு கேட்டதும் அதைத்தான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. வலுவான வாதம். கால்நடைக் கல்விக்குத் தனித் தலைமையும் தனிப் பணமும் வேண்டாமா? நெல்லைப் பற்றியே யோசிக்கிற சபையில் மாட்டுக்கு எப்போதும் கடைசி வரிசைதானே? இது நியாயம். அதைவிட வலுவான வாதம் ஒன்று, பழைய பண்ணையத்தைப் பார்த்தே பிறக்கிறது. பிரியாமல் இருந்த அந்தப் பண்ணையம் எல்லோருக்கும் இனித்ததா? கவலை இறைத்த காலத்தில் தோலைத் தைத்துக் கொடுத்தவனும், விடியுமுன் மாட்டைப் பூட்டியவனும், பட்டியில் ஆட்டோடு படுத்துக் கிடந்த சிறுவனும் பண்ணையத்தின் உள்ளேதான் இருந்தார்கள். ஆனால் சொந்தக்காரராக அல்ல. பெருமாள்முருகன் 2000-த்தில் எழுதிய 'கூளமாதாரி'யைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்தப் புல் எப்போது தழையும், எந்த ஆடு எதைக் கடிக்காது என்று தெரிந்தவர்கள் அந்தச் சிறுவர்கள்தாம். அவர்கள் அறிவுக்கு விலையும் இல்லை, பெயரும் இல்லை. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இட ஒதுக்கீட்டில் லாலி ரோட்டுக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள் என்றால், அது பழைய பண்ணையம் உடைந்ததால் கிடைத்த லாபம். அந்த லாபத்தை நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆகவே பழையபடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டு என்று சொல்லுவது என் நோக்கமல்ல.

பிரிந்தவை மறுபடி சந்திக்க ஓர் இடம் வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. அந்த இடம் பட்ட மேற்படிப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் பிரிவினை இன்னும் நுணுக்கமாகிறது. இளநிலைப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களுக்குக் கிராமத்தில் தங்கிக் குடியானவரோடு பழகும் அனுபவப் பயிற்சி ஒன்று பாடத்திலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு. எங்கள் ஊருக்கும் அப்படிப் பிள்ளைகள் வந்து, நோட்டுப் புத்தகத்தோடு காடு காடாக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். மேற்படிப்புக்குப் போனதும் மாணவன் ஒரு பயிருக்கும், பயிரில் ஒரு குணத்துக்கும், குணத்தில் ஒரு மரபணுவுக்கும் இறங்குகிறான். அவனுக்கு வழிகாட்ட ஒரு குழு உண்டு. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் பேராசிரியர்கள். படிப்பு ஏற ஏறக் கிராமம் தூரமாகிறது. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிறவனுக்கு அதிகத் தூரம் தெரிய வேண்டும். இங்கே மேட்டில் நிற்கிறவனுக்குத் தன் கால் நிற்கிற இடம் மட்டும் தெரிகிறது.

பாஷை இன்னொரு வேலி. ஆராய்ச்சி ஆங்கிலத்தில் நடக்கிறது. உலகத்தோடு பேச அது வேண்டியதுதான். 2021-ல் தமிழிலேயே இளநிலைப் பட்டம் படிக்க வழி செய்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம். குடியானவர்களுக்காகப் பல்கலைக்கழகம் தமிழில் பத்திரிகையும் நடத்துகிறது. ஆனால் பாடப் புத்தகத் தமிழும் பண்ணையத் தமிழும் ஒன்றல்ல. மேய்ச்சல் நிலம் என்று புத்தகம் சொல்லும். கொறங்காடு என்ற சொல்லில் வேலியும் மரமும் மாடும் கூடவே வந்து நிற்கும். ஒரு சொல்லை இழந்தால் அந்தச் சொல் சேர்த்து வைத்திருந்த உறவையும் இழக்கிறோம். கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி செய்ய ஒரு நாவலாசிரியர்தான் முன்வந்தார். அந்தச் சொற்களில் எத்தனையோ பயிரையும் மண்ணையும் மாட்டையும் பற்றியவை. அவை ஓர் ஆராய்ச்சி மாணவனின் மேஜையிலும் இருக்க வேண்டியவை.

விமர்சகன் குறை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகலாகாது என்பார்கள். ஆகவே ஒரு யோசனை. டாக்டர் பட்டத்துக்கு எழுதப்படும் ஒவ்வோர் ஆராய்ச்சி நூலிலும் கடைசி அத்தியாயம் ஒன்று கட்டாயமாக இருக்கட்டும். மாணவன் ஒரே ஒரு குடும்பத்தின் பண்ணையத்தில் ஒரு சாகுபடிக் காலம் முழுவதும் இருந்து, தான் கண்டுபிடித்தது அந்தக் குடும்பத்தின் மாட்டையும் தண்ணீரையும் கடனையும் கூலியாளையும் எப்படித் தொடுகிறது என்று தமிழில் எழுதட்டும். தன் துறையில் விடை இல்லாத கேள்வி வந்தால், சென்னைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ அவனே எழுதிக் கேட்டு விடை வாங்கட்டும். அலைகிற வேலை குடியானவனுடையதாக இருக்க வேண்டாம். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்களோடு அந்தக் குடும்பத்து மனிதர் ஒருவரும், அங்கே கூலிக்கு வேலை செய்கிறவர் ஒருவரும் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். இதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம். பிரித்த பல்கலைக்கழகங்களை ஒட்ட வைக்கவும் வேண்டாம். பொதுக் கிணற்றுக்கு ஒரு முறை வைத்தால் போதும்.

அன்றிரவு சாப்பிட்டபின் திண்ணையில் படுத்திருந்தேன். உள்ளே பையன் தாத்தாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். எந்த வருசத்திலிருந்து புல் குறைந்தது, அதற்கு முன் எத்தனை மாடு விட்டிருந்தார்கள், வேலி எப்போது அடைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மாமா முதலில் சலித்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சு நடுநிசி வரை போயிற்று. அந்தப் பையனுடைய ஆராய்ச்சி நூலில் இந்தப் பேச்சுக்கு இடம் இல்லை. அவனுக்கு அது தெரியும். இடம் இருக்கும்படி ஒரு காலம் வந்து அப்படி ஒரு நூலும் வெளிவந்தால், அதற்கு மதிப்புரை எழுத நான் தயார். சன்மானம் வேண்டாம்.